எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எதை மாற்றுவது?
கனரக டீசல் இயந்திரங்களின் பழுதுக் குறியீடுகளைப் புரிந்துகொள்ளும் முறை

சாலைப் பணி, கல்குவாரி, பாசனக் கால்வாய், வீட்டுமனைச் சீரமைப்பு என நாடெங்கும் வங்கிக் கடனில் வாங்கப்பட்ட பொக்லைன்களும் லோடர்களும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய வாடகை வராது. ஓட்டுநரின் சம்பளமும் மாதத் தவணையும் நிற்கமாட்டா. ஆகவே, திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஒரு குறியீட்டு எண் தோன்றும்போது உரிமையாளர் எடுக்கும் முதல் முடிவு, பணத்தைப் பற்றிய முடிவாகவும் அமைந்துவிடுகிறது.

குறியீடு ஒரு சென்சாரைச் சுட்டுகிறது. புதிய சென்சார் வாங்கி மாட்டப்படுகிறது. மறுநாளே விளக்கு மீண்டும் எரிகிறது. இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று குறியீடு சொல்வதில்லை. எந்த அளவீட்டில், எவ்வகைக் குறையைக் கணினி கண்டது என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது. இந்த வேறுபாட்டை அறிந்தால் வீண் செலவையும் பெருஞ்சேதத்தையும் ஒருங்கே தவிர்க்கலாம்.

இன்றைய எஞ்சினின் இயல்பு

சக்கரமுள்ள கட்டுமான இயந்திரங்களுக்கான நான்காம் நிலைப் புகை விதிகள் நம் நாட்டில் 2021 ஏப்ரல் 1 முதலும், ஐந்தாம் நிலை விதிகள் 2025 ஜனவரி 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளுக்கு ஏற்பப் பெரும்பாலான எஞ்சின்கள் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாறிவிட்டன. எண்ணெய் அழுத்தம், கூலன்ட் வெப்பம், காற்றழுத்தம், எரிபொருள் குழாயின் அழுத்தம் ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து சொல்ல, அதற்கேற்பக் கணினி டீசலை அளந்து செலுத்துகிறது. சென்சார் தரும் செய்தி பிழைபட்டால், எஞ்சினைக் காக்கும் பொருட்டுக் கணினி அதன் ஆற்றலைக் குறைக்கவும் கூடும்.

இரண்டு எண்களின் பொருள்

பல நிறுவனங்களின் எஞ்சின்கள் ஜே1939 என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி ஒவ்வொரு குறியீட்டிலும் இரண்டு எண்கள் முதன்மையானவை. எஸ்.பி.என். எனப்படும் முதல் எண் எந்த அளவீடு என்பதைக் கூறும்: 100 எஞ்சின் எண்ணெய் அழுத்தம், 110 கூலன்ட் வெப்பம், 157 எரிபொருள் குழாயின் அழுத்தம். எஃப்.எம்.ஐ. எனப்படும் இரண்டாம் எண் எவ்வகைக் குறை என்பதைக் கூறும். சில நிறுவனங்கள் தமக்குரிய எண்களைக் காட்டுவதுண்டு. அவற்றின் பொருளைச் சர்வீஸ் கையேட்டில் காணலாம்.

பெரும்பாலோர் முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இரண்டாம் எண்ணே. 100 என்பதோடு 1 வந்தால், சென்சார் ஒழுங்காகவே அளக்கிறது, எண்ணெய் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துள்ளது என்று பொருள். உடனே எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, தனி அழுத்தமானியால் அளந்து உறுதிசெய்ய வேண்டும். அதே 100 என்பதோடு 3 வந்தால் மின்னழுத்தம் மிகையாகவும், 4 வந்தால் மிகக் குறைவாகவும் உள்ளது என்று பொருள். இவ்விரண்டும் மின்சுற்றைப் பற்றியவை. எண் 2, அளவீடு தாறுமாறாக வருவதைக் குறிக்கும். தளர்ந்த இணைப்பில் இது அடிக்கடி நேரும். எண் 0, அளவு மெய்யாகவே ஆபத்தான உயரத்தை எட்டிவிட்டதைச் சொல்லும்.

0 அல்லது 1 வந்தபோது "சென்சார்தான் கெட்டிருக்கும்" என்று ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எஞ்சினையே இழக்கச் செய்யும். 3 அல்லது 4 வந்தபோது ஒயரைப் பாராமல் சென்சாரை மாற்றுவது பணத்தை இழக்கச் செய்யும்.

பாகம் வாங்குமுன் ஒரு சோதனை

கூலன்ட் வெப்பச் சென்சாரை எடுத்துக்கொள்வோம். இதில் பொதுவாக இரண்டு ஒயர்கள் உள்ளன. வெப்பம் கூடக் கூட இதன் மின்தடை குறையும். கணினி ஏறத்தாழ 5 வோல்ட் அனுப்பி, திரும்ப அறியும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கிறது. ஒயர் அறுந்தால் மின்னழுத்தம் 5 வோல்ட்டை நெருங்கும். எண் 3 தோன்றும். ஒயரின் உறை தேய்ந்து இரும்பு உடலைத் தொட்டால் மின்னழுத்தம் சுழியை நெருங்கும். எண் 4 தோன்றும்.

எண் 4 காட்டும்போது, சாவியை அணைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். எண் 3 ஆக மாறினால் ஒயர் நன்றாக உள்ளது, குறை சென்சாரில்தான். 4 மாறாமலே இருந்தால் ஒயர் எங்கோ உடலைத் தொடுகிறது. எண் 3 காட்டும்போது, கழற்றிய கனெக்டரின் ஒயர் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பார்க்கலாம். 4 ஆக மாறினால் ஒயரும் கணினியும் சரி. மாறாவிட்டால் சுற்று எங்கோ அறுந்துள்ளது. இச்சோதனை இரண்டு ஒயருள்ள வெப்பச் சென்சாருக்கு மட்டுமே உரியது. மூன்று ஒயருள்ள அழுத்தச் சென்சாரில் முனைகளை இவ்வாறு இணைக்கலாகாது.

இதற்கும் முன்னதாகக் கண்ணால் பார்க்க வேண்டியவை உள. கனெக்டருக்குள் பச்சை பூத்த முனைகள், புகுந்த நீர், பிராக்கெட்டில் உரசித் தேய்ந்த ஒயர், எலி கடித்த இடம், தளர்ந்த எர்த் இணைப்பு, வலுவிழந்த பேட்டரி ஆகியன அவை. மழைக்காலத்திலும், வேகமான நீரைப் பாய்ச்சிக் கழுவிய பிறகும் தோன்றும் குறியீடுகளுக்குக் கனெக்டரையே முதலில் ஐயுற வேண்டும்.

பல குறியீடுகள் ஒரே நேரத்தில் தோன்றினால் அத்தனை சென்சார்களும் ஒருசேரக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் உட்சுருக்கு ஏற்பட்டால் மற்றவற்றின் அளவும் சரியும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது மற்ற குறியீடுகள் மறைகின்றன என்று காணலாம்.

தவிர்க்க வேண்டியவை

குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் அழித்தல், ஒயரின் உறையை ஊசியால் துளைத்தல், கணினியின் சுற்றில் டெஸ்ட் லேம்ப் வைத்தல் ஆகியன கூடா. பக்கெட்டில் வெல்டிங் செய்யுமுன், கையேட்டின்படி பேட்டரியையும் கணினியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். எரிபொருள் குழாயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடும். எஞ்சின் ஓடும்போது அதன் இணைப்பைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். அவ்வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

பதிவேடும் தவணையும்

ஒவ்வொரு குறியீட்டையும் தேதி, ஓடிய மணிநேரம், இரண்டு எண்கள், செய்த வேலை ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரையைப் படமெடுத்தும் வைக்கலாம். வாரண்டி கோரும்போதும், இயந்திரத்தை விற்கும்போதும் அது துணைநிற்கும். பாகத்தை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், "இரண்டாம் எண் என்ன? ஒயரைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள்.

வழக்கமான வாகனக் காப்பீடு இயந்திரப் பழுதையும் மின்பழுதையும் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பழுது நீண்டு வருமானம் தடைப்படும் என்று தோன்றினால், தவணைத் தேதிக்கு முன்னரே கிளை மேலாளரைச் சந்தித்துப் பேசுவது நல்லது. நிலுவை 90 நாட்களைக் கடந்தால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் வழிகள் குறுகிவிடும். இயந்திரம் தரும் எச்சரிக்கையைப் போலவே, கணக்கு தரும் எச்சரிக்கையையும் தொடக்கத்திலேயே படித்துக்கொள்வது நலம்.