செயலியின் சூடும் கூலரின் கணக்கும்

சென்ற கோடையில் என் பழைய மாணவர் ஒருவர் மடித்த தாள் ஒன்றுடன் வீட்டிற்கு வந்தார். பட்டப்படிப்பு முடித்தபின் அண்ணனுடன் சேர்ந்து திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்பவர். தாளில் இருந்தது, அவர் தாமே பூட்டிக்கொள்ளவிருந்த கணிப்பொறியின் உறுப்புப் பட்டியல். எட்டு மாதச் சேமிப்பு அந்தத் தாளில் அடங்கியிருந்தது. நான்காவது வரியில், செயலியைக் குளிர்விக்க ஒரு நீர்க் கூலர். விலை ஏழாயிரத்துச் சொச்சம். ஐந்தாவது வரியில் நினைவகம் 32 ஜி.பி. என்று எழுதி அடித்துவிட்டு, 16 என்று திருத்தியிருந்தார்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணிக் கூலர்தான் தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க சார். அதான் மெமரியைக் குறைச்சேன். சரிதானே?"

அவர் வேலை செய்யும் அறை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருக்கிறது. சித்திரையில் பகல் முழுவதும் 38° செ. அளவில் இருக்கும். ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் "எல்லாரும் சொல்றாங்க" என்பதை வைத்து 16 ஜி.பி. நினைவகத்தை விட்டுக்கொடுக்கலாமா? பள்ளியில் படித்த ஓம் விதியை வைத்துக்கொண்டே இதற்கு விடை காணலாம். அன்று மாலை இருவரும் செய்த கணக்கு இதுதான்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செயலி என்பது சிலிக்கன் சில்லு ஒன்றில் பொறிக்கப்பட்ட பல நூறு கோடி டிரான்சிஸ்டர்களின் தொகுதி. ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது சிறிதளவு மின்னேற்றம் உள்ளே வந்து வெளியேறுகிறது. இதற்குச் செலவாகும் ஆற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகிவிடுகிறது. மின்விசிறியிலாவது காற்று நகர்கிறது, விளக்கிலாவது ஒளி வருகிறது. செயலியோ வாங்கிய ஒவ்வொரு வாட்டையும் சூடாகவே திருப்பித் தருகிறது.

மாணவர் தேர்ந்திருந்தது 2022-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-12400. அதன் அடிப்படைத் திறன் 65 வாட் என்றும், உச்சத் திறன் 117 வாட் என்றும் தயாரிப்பாளர் குறித்திருக்கிறார். கடைப் பேச்சில் முதல் எண் மட்டுமே அடிபடும். பல மதர்போர்டுகள் இரண்டாவது எண்வரை செல்ல அனுமதிப்பதை யாரும் சொல்வதில்லை. வீடியோத் தொகுப்பு போன்ற வேலை பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும். கணக்கிற்கு 75 வாட் என்று கொள்வோம்; உச்சமான 117-ஐயும் மறவாமல் வைத்துக்கொள்வோம்.

117 வாட் என்பது ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதானே என்று தோன்றலாம். சில்லின் பரப்பைப் பாருங்கள்: சுமார் 160 சதுர மி.மீ.; கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. சதுர செ.மீ.க்கு 70 வாட்டிற்கு மேல் வருகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 150 சதுர செ.மீ. என்று கொண்டால், அங்கே சதுர செ.மீ.க்கு 7 வாட் கூட இல்லை. அதாவது துணியைப் பொசுக்கும் தகட்டைப்போலப் பத்து மடங்கு நெருக்கமாக இங்கே வெப்பம் பிறக்கிறது. ஆயினும் செயலி 100° செ.-ஐத் தாண்டக் கூடாது. தாண்டும் நிலை வந்தால் அது எரிந்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும். கூலர் போதாத கணிப்பொறியில் உடைமையாளர் இழப்பது இந்த நேரத்தைத்தான். பலருக்கு இழப்பது தெரிவதுகூட இல்லை.

இனி ஓம் விதிக்கு வருவோம். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்த வேறுபாடு கிடைக்கும். வெப்பத்திற்கும் அப்படியே. பாயும் வெப்பத்தை வாட்டில் எடுத்து, வெப்பத்தடையால் பெருக்கினால் வெப்பநிலை வேறுபாடு கிடைக்கும். வெப்பத்தடை 0.5 எனில், ஒவ்வொரு வாட்டிற்கும் சில்லு சுற்றுக் காற்றைவிட அரை டிகிரி உயர்ந்து நிற்கும் என்று பொருள். சில்லிலிருந்து காற்றுவரை வழியில் உள்ள எல்லாத் தடைகளையும் கூட்டிய மொத்தத்தையே நாம் கொள்ள வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, "வேறுபாடு" என்ற சொல். கூலர் எதுவும் செயலியை 60 டிகிரியிலோ 70 டிகிரியிலோ வைப்பதாக வாக்களிக்க இயலாது. சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி மேலே வைக்கும் என்றுதான் சொல்ல முடியும். குளிர்நாட்டில் ஒருவர் 22° அறையில் சோதித்து, "என் செயலி 74 டிகிரியில் ஓடுகிறது" என்று எழுதுவார். அதைப் படித்து நாம் மகிழ்ந்து வாங்கிவிடுகிறோம். அவருடைய 74-இலிருந்து 22-ஐக் கழித்தால் 52. அந்த 52 மட்டுமே கூலரின் குணம். மீதி அவர் ஊரின் குணம். மாணவரின் அறையில் அதே கூலர் 38-உடன் 52, அதாவது 90 காட்டும். பெட்டிக்குள் காற்று அறையைவிட 5 டிகிரி கூடுதலாக இருந்தால் 95.

செயலியுடன் இலவசமாக வரும் சிறிய கூலருக்கு மொத்தத் தடை 0.7 என்றும், நான்கு வெப்பக் குழாய்களும் 120 மி.மீ. விசிறியும் கொண்ட கோபுர வகைக் கூலருக்கு 0.4 என்றும், இரட்டை விசிறி நீர்க் கூலருக்கு 0.3 என்றும் தோராயமாகக் கொண்டோம். செயலிக்குச் செயலி இவை மாறும். வரிசை பெரும்பாலும் மாறாது. பெட்டிக்குள் காற்று 43° செ. 75 வாட்டில் இலவசக் கூலர் ஏறத்தாழ 95°, கோபுரம் 73°, நீர்க் கூலர் 66° தரும். 117 வாட்டிலோ இலவசக் கூலருக்குக் கணக்கு 125° என்று வருகிறது. அதை எட்ட முடியாததால் செயலி 81 வாட் அளவில் தன்னை அடக்கிக்கொள்ளும். கோபுரத்திற்கு 90°, நீர்க் கூலருக்கு 78°.

இரண்டுமே 100-க்குக் கீழே இருப்பதால் வேகத்தில் வேறுபாடு இல்லை. நீர்க் கூலருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஐயாயிரம் ரூபாய்க்கு, இந்தச் செயலியில், திரையில் தெரியும் ஓர் எண் குறையும், அவ்வளவே. மாணவர் பேசாமல் ஐந்தாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி காத்தைவிட நல்லாக் குளிர்விக்கும்னு நீங்கதானே சார் வகுப்புல சொன்னீங்க?" என்று பிறகு கேட்டார். சொன்னதுண்டு. நீரின் தன்வெப்பம் மிக அதிகம். ஆனால் இந்த நீர் வெளியே ஓடிவிடுவதில்லை. சில்லின்மேல் சூடாகி, குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய், அங்கே காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. கடைசியில் வாங்கிக்கொள்வது அதே 43° காற்றுதான். உள்ளே 300 மி.லி. நீர் இருந்தால், 117 வாட்டில் அது ஒரு டிகிரி ஏறச் சுமார் 11 நொடி பிடிக்கும். ஆகவே ஐந்து நிமிட வேலைக்கு நீர்க் கூலர் மிக அருமையாகத் தோன்றும். மூன்று மணி நேர வேலையில் அந்த அவகாசம் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். அதன்பின் பேசுவது ரேடியேட்டரின் பரப்பும் விசிறியும் மட்டுமே. பம்பு என்றொரு தேயும் உறுப்பு வேறு அதில் இருக்கிறது.

250 வாட் குடிக்கும் பெரிய செயலிகளுக்கு நிலைமை வேறு. 2022-இல் வந்த கோர் ஐ9-13900கே-இன் உச்சம் 253 வாட். அங்கே 0.4 தடையுள்ள கோபுரம் 101 டிகிரி உயர்வு தரும், நினைக்கவே வேண்டாம். 0.25 தடையுள்ள பெரிய நீர்க் கூலரிலும் 63 டிகிரி உயர்வு, 43-உடன் 106. அத்தகைய செயலியை ஏ.சி. இல்லாத அறையில் வைப்பவர், பயாஸ் அமைப்பில் அதன் திறன் வரம்பைக் குறைத்துவிடுவதே நல்லது. செயலியின் திறன் செலவு, மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் அதிர்வெண்ணிற்கும் ஏற்ப ஏறுவது. உச்ச வேகத்தின் கடைசிச் சில விழுக்காட்டிற்காகவே மின்னழுத்தம் அதிகம் உயர்த்தப்படுகிறது. அதை விட்டுக்கொடுத்தால் சூடு பெரிதும் குறையும், வேகம் சிறிதே குறையும்.

கோபுரக் கூலரின் உள்ளேதான் உண்மையில் வியப்பிற்குரிய பொருள் இருக்கிறது. அதிலும் நீர் உண்டு! அடித்தகட்டிலிருந்து மேலே வளைந்து செல்லும் செம்புக் குழாய்கள் திண்மக் கம்பிகள் அல்ல. உள்ளே காற்றை நீக்கி, சிறிதளவு நீர் விட்டு அடைத்திருக்கிறார்கள். உட்சுவரில் செம்புத் தூளை உருகாமல் ஒட்டவைத்த நுண்துளைப் படலம் ஒன்று உண்டு. அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது நீரை இழுக்கும். கொடைக்கானலில் அழுத்தம் குறைவதால் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. வளிமண்டல அழுத்தத்தின் எட்டில் ஒரு பங்கில் 50 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே சில்லின் மேலுள்ள முனையில் நீர் ஆவியாகிறது. தகடுகள் உள்ள முனைக்கு விரைந்து அங்கே குளிர்ந்து நீராகிறது. உள்ளுறை வெப்பத்தைத் தகடுகளிடம் விட்டுவிட்டுத் திரி வழியே திரும்புகிறது. பம்பும் இல்லை, மின்சாரமும் வேண்டாம்.

ஒரு கிராம் நீர் ஆவியாக இந்த வெப்பநிலையில் சுமார் 2,400 ஜூல் கொள்ளும். 117 வாட்டைக் கடத்த நொடிக்கு 0.05 கிராம் போதும். அதாவது நான்கு குழாய்களிலும் சேர்த்து நொடிக்கு ஒரு துளி! செயலியின் சூடு முழுவதும் இந்த ஒரு துளியின் முதுகில் ஏறிப் போகிறது. இதே அளவு செம்புக் கம்பியால் இதில் சிறு பங்குகூட இயலாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் 1944-இலேயே இக்கருத்திற்குக் காப்புரிமை பெற்றார், கவனிப்பார் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் குரோவர் விண்வெளி மின்னாக்கிகளுக்காக இதை மீண்டும் கண்டு உருவாக்கினார். எடையற்ற இடத்தில் நீர் தானே கீழே வழியாதல்லவா? திரியின் அருமை அங்கேதான். விண்வெளிக்காக எண்ணியது இன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் கடையில் கிடைக்கிறது.

கூலர் எவ்வளவு நல்லதாயினும் பெட்டிக்குள் காற்று தேங்கினால் பயனில்லை. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி உயர்த்த 1.2 ஜூல் போதும். கணிப்பொறி முழுவதும் 250 வாட் வெளியிட, நொடிக்கு 20 லிட்டர் காற்றே பெட்டியைக் கடந்தால், உள்காற்று 10 டிகிரி ஏறிவிடும். 40 லிட்டர் கடந்தால் 5. நான் 43 என்று கொண்டது இந்த இரண்டாம் நிலையை. ஆகவே முகப்பில் அழகான கண்ணாடி போட்டு மூடிய பெட்டியைத் தவிர்த்து, சல்லடை முகப்புள்ளதை வாங்கச் சொன்னேன். விசிறி பெரிதாக இருப்பது நன்று. வேகத்தை இரட்டித்தால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் ஏறும் என்பதால், சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிடப் பெரிய விசிறி மெல்லச் சுழல்வது காதிற்கும் நல்லது.

வாங்குமுன் அளவுகோலும் வேண்டும். கோபுரங்கள் பெரும்பாலும் 155 முதல் 165 மி.மீ. உயரம்; பெட்டி அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். எல்.ஜி.ஏ. 1700 மதர்போர்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய 1200-இல் 75. பழைய கூலரை இரவல் வாங்குவோர் இந்த 3 மி.மீ.-இல் ஏமாறுவதுண்டு. அட்டைப்பெட்டியின்மேல் "220 வாட்" என்று அச்சிட்டிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. எத்தனை டிகிரி உயர்வில் என்று சொல்லாத வாட், பாதிச் செய்தி.

பூட்டும்போது நடக்கும் தவற்றை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். செயலியின் மூடியும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்குத்தான் வழவழப்பு. இடையில் 0.05 மி.மீ. காற்று முழுப்பரப்பிலும் நின்றால், 10 சதுர செ.மீ.-க்கு அதன் தடை 1.9. அதே இடத்தைத் தெர்மல் பேஸ்ட் நிரப்பினால் 0.01 அளவுதான். எனவே பயறளவு பேஸ்டை நடுவில் வைத்து, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். நான் முதன்முதலில் ஆய்வகக் கணிப்பொறி ஒன்றிற்குக் கூலர் பூட்டியபோது இத்தனையும் முறைப்படி செய்தேன். இயந்திரம் இரண்டே நிமிடத்தில் 100 டிகிரியைத் தொட்டது. விசிறியைப் பழித்தேன், பேஸ்டைப் பழித்தேன். கழற்றிப் பார்த்தால் அடித்தகட்டில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை! 0.1 மி.மீ. தாளின் தடை 0.4 வரும், கோபுரத்தின் மொத்தத் தடைக்குச் சமம். வெப்ப இயற்பியல் பாடம் நடத்துபவன் செய்யக் கூடிய காரியமா? மாணவரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவரும் சிரிப்பை மறைக்கவில்லை.

அவர் பட்டியலைத் திருத்தி, கோபுரக் கூலரும் 32 ஜி.பி. நினைவகமும் வாங்கினார். பூட்டி முடித்தபின் அறையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரம் வேலை ஓடவிட்டுக் குறித்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வைகாசியில் குறுஞ்செய்தி வந்தது: அறை 39, செயலி 76. அதன் கீழே 37 என்று அவரே கழித்து எழுதியிருந்தார்.