பிரேக் எண்ணெயை மாற்றினீர்களா?

“எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறோம்; பிரேக் எண்ணெயையும் மாற்ற வேண்டுமா?” என்று பலர் கேட்கிறார்கள். இதற்கான பதிலை நான் தெரிந்து கொண்டது கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வழியில்தான்.

ரிங்லெட்டைத் தாண்டி, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தேன். திடீரென மிதி பஞ்சுபோல் அமுங்கியது. பின்னிருக்கையில் பிள்ளைகள். கியரைக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல இழுத்து ஓரமாக நிறுத்தினேன். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்ட லாரி ஓட்டிய அப்பா உடன் இருந்தார். சூடு தணிந்ததும் எண்ணெய்க் கலத்தைத் திறந்து பார்த்தார். காப்பி நிறம். “மாத்தி எத்தனை வருசமாச்சும்மா?” என்றார். கார் வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை!

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய ‘டாட் 3’ எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடலாம். ‘டாட் 4’ என்றால் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். நம் கால்பலம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்தைச் சென்று சேராது. ஆறியதும் பிரேக் மீண்டும் பிடிக்கும். அதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

எப்போது மாற்றுவது? கார்க் கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒருமுறை. ஈப்போ பட்டணத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கும் இதே கணக்குதான். எண்ணெய் அளவு குறைந்தால் வெறுமனே நிரப்பாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம்.

எப்படி மாற்றுவது? கலத்திலுள்ள பழையதை உறிஞ்சி எடுத்து, மூடியில் குறித்துள்ள வகையைத் திறக்காத புதிய டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் தளர்த்திப் பழைய எண்ணெயைப் போத்தலில் வடிப்பார். திருகை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இல்லையேல் காற்று புகுந்துவிடும். நான்கு சக்கரத்திலும் புது எண்ணெய் வரும்வரை இப்படியே. இடையில் கலம் வற்றக்கூடாது. கார்ச் சாயத்தில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழக்கமில்லாதவர்கள் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பேருந்து, லாரிகளைப்போல் நம் நாட்டில் சொந்தக் காருக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை கிடையாது. நாமேதான் பார்த்துக் கொள்ள வேண்டும். கடைசியாக மாற்றிய தேதி நினைவில்லையா? மலையேறும் முன் மாற்றிவிடுங்கள்.