தேடல் பெட்டி வழியே வந்த வம்பு

மாணவர்களே, தேக்காவில் கேம்பல் லேன் பக்கம் போனால் கடைவீடுகளைக் கவனியுங்கள். அடுத்தடுத்த இரு கடைகளுக்கு இடையே ஒரு செங்கல் சுவர் நிற்கும். ஒரு கடையில் பிடித்த தீ அடுத்ததற்குப் பரவாமல் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ‘ஃபயர்வால்’ என்ற சொல்லைக் கணினித் துறை இத்தகைய சுவரிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. தமிழில் தீயரண் என்கிறோம்.

ஆனால் கணினியின் தீயரண் வெறும் சுவரல்ல, வாயிற்காவலரும்கூட. அங்குள்ள மளிகைக் கடை ஒன்று இணையத்திலும் பொருள் விற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சர்வருக்கு எண்ணிட்ட வாசல்கள் பல உண்டு, ‘போர்ட்’ என்பார்கள். வாடிக்கையாளர் வருவது பெரும்பாலும் 443ஆம் வாசல் வழியாக. அவர்களின் பெயர், முகவரி இருக்கும் தரவுத்தளம் ‘மைஎஸ்கியூஎல்’ வகையாக இருந்தால், அதன் வழக்கமான வாசல் 3306. அதை வெளியார் தட்டவேண்டிய தேவையே இல்லை. தீயரண் 443ஐத் திறந்துவைத்து 3306ஐ மூடிவிடும்.

சரி, திறந்த வாசல் வழியாகவே வம்பு வந்தால்?

2013 நவம்பர் 7ஆம் தேதி இரவு பிரதமர் அலுவலக இணையத்தளத்திற்கு அதுதான் நேர்ந்தது. அடுத்து இஸ்தானாவின் தளத்திற்கும். தேடல் பெட்டியில் தேடுசொல்லுக்குப் பதிலாக நிரல்வரிகளைப் புகுத்தினர். அவற்றை வெறும் எழுத்தாகக் காட்டவேண்டிய பக்கம், கட்டளையாக எடுத்துக்கொண்டது. முகமூடிப் படத்துடன் போலிப் பக்கம் தோன்றியது. ‘கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்’ எனப்படும் இந்த உத்தியில் சர்வரிலுள்ள பக்கம் மாறுவதில்லை. சூழ்ச்சியாக அமைத்த இணைப்பைத் திறப்பவரின் திரையில்தான் போலி தெரியும். அன்று வந்தது கேலிப்படம். மளிகைக் கடைத் தளத்தில் அதுவே கடன்பற்று அட்டை எண் கேட்கும் படிவமாக இருந்தால்?

இதற்காக இன்னொரு வகைத் தீயரண் இருக்கிறது. அது வாசல் எண்ணோடு நிற்காமல், வந்த தகவலைப் பிரித்துப் படிக்கும். தேடல் பெட்டியில் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளை வந்தால் மறிக்கும். ஒரே முகவரியிலிருந்து நூறு முறை கடவுச்சொல்லை ஊகித்தாலும் மறிக்கும்.

சில நேரம் அளவுக்கு மீறியும் மறிக்கும்! தரவுத்தளக் கட்டளைகளில் ஒற்றை மேற்கோள் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. அந்தக் குறியைக் கண்டாலே தடு என்று விதி எழுதினால், டி’சூசா, டி’குரூஸ் என்ற பெயருள்ளவர்கள் அந்தக் கடையில் அரிசிகூட வாங்க முடியாது.

ஆகவே, தீயரண் வாங்கியதோடு கடைக்காரர் நிம்மதியாகிவிடுவது சரியல்ல என்பேன். பெட்டியில் எழுதப்படுவது எதுவானாலும் எழுத்தாகவே கருதும்படி நிரலைத் திருத்தவேண்டும், மென்பொருளையும் புதுப்பிக்கவேண்டும். அந்த வேலை முடியும்வரை காவலர் வாசலில் நிற்கட்டும். முடிந்த பிறகும் நிற்கட்டும்.