எழுபது வளைவுகள், உங்கள் வீட்டுக் கூடத்தில்!

கொண்டை ஊசியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூந்தலில் செருகினால் அழகு. அதையே சாலையாக்கி மலைச் சரிவில் சாத்தி வைத்தால்? வயிற்றைக் கலக்கும்! நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும் ஆகாய கங்கை அருவியைப் பார்க்கவும் இந்த வழியாகப் போகிறவர்கள், அத்தனையையும் எண்ணிக்கொண்டேதான் போகிறார்கள்.

அந்தப் பாதையில் பஸ்ஸில் போக நேர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு டிரைவரின் கைகால்களைக் கவனியுங்கள். ஒரு வளைவுக்குள் எத்தனை காரியம்! ஹார்ன் அடிக்கிறார், வேகத்தைத் தணிக்கிறார், கியரைக் குறைக்கிறார், ஸ்டியரிங்கைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றுகிறார். இறங்கும்போது எதிரே வண்டி ஏறி வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்பது சாலை விதி.

இவ்வளவையும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி பழகலாம் என்றால் நம்புவீர்களா? ‘ஸிமுலேட்டர்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டுச் சாதனம் இன்று பல வீடுகளில் நுழைந்துவிட்டது. மேஜையில் பொருத்த ஒரு ஸ்டியரிங், காலடியில் இரண்டு மூன்று பெடல், எதிரே கம்ப்யூட்டர் திரை. அவ்வளவுதான். ரசிகர்கள் தாங்களே பாதை வரைந்து சேர்க்கும் வசதி 2012-ல் வெளியான ‘யூரோ டிரக் ஸிமுலேட்டர் 2’, 2014-ல் வெளியான ‘அஸெட்டோ கோர்ஸா’ முதலிய விளையாட்டுக்களில் உண்டு. நம் நாட்டுப் பஸ்களையும் மலைப் பாதைகளையும்கூட ஆர்வலர்கள் விட்டுவைக்கவில்லை.

“விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை மரியாதையா?” என்று கேட்காதீர்கள். விமானிகளுக்குப் பழக்கம் தரும் பாவனை விமானத்தை 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் செய்தார். அவர் தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அந்த வாத்தியத்தின் துருத்திகளைக்கொண்டே பெட்டியை ஆட்டி அசைத்துவிட்டார் பிள்ளையாண்டான்! இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானப் படையினர் அதில் பழகினார்கள். நம் நாட்டிலும், மத்திய அரசின் அங்கீகாரம் பெறும் டிரைவிங் பயிற்சி மையங்களில் ஸிமுலேட்டர் இருந்தாக வேண்டும் என்ற விதி 2021 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது.

ஆனால் கடையில் வாங்கிய ஸெட்டில் ஒரு குறை உண்டு. கியர், ஹாண்ட் பிரேக், ஹார்ன் எல்லாமே ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள். பொத்தானுக்குத் தெரிந்தது இரண்டே சொல்: உண்டு, இல்லை. மலைப் பாதைக்கோ ‘கொஞ்சம்’ என்ற மூன்றாவது சொல் வேண்டும். அதற்காகத்தான் கூடுதல் சாதனங்கள். எதை முதலில் சேர்ப்பது, எதைப் பிறகு சேர்ப்பது என்று தெரிந்துகொண்டால் பணம் வீணாகாது.

முதலில் காலடியைக் கவனியுங்கள். நம் மொஸெய்க் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடும். சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருளும். பெடலை ஒரு பலகையில் திருகி, பலகையைச் சுவரோரம் முட்டக் கொடுங்கள். சக்கரமில்லாத நாற்காலி போடுங்கள். செலவு அதிகமில்லை, பலனோ பெரிது.

இரண்டாவது பிரேக். நிஜக் காரில் பிரேக்கை எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதே கணக்கு. மலிவான பெடல்களோ தூரத்தைத்தான் அளக்கின்றன. பெடலுக்குப் பின்னால் பாதியாக அறுத்த ரப்பர் பந்தை வைத்து இறுக்கம் வரச் செய்கிறவர்கள் உண்டு. இன்னும் நேர்த்தி வேண்டுமானால் ‘லோட் ஸெல்’ வைத்த பெடல் வாங்கலாம். பேர் புதிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசு உங்கள் துவரம் பருப்பை நிறுப்பது இதே லோட் ஸெல்லால்தான்!

மூன்றாவது கியர்க் கம்பி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டு விளம்பரப் படங்களில் அது வலப் பக்கம் இருக்கும். அங்கே டிரைவர் காரின் இடப் பக்கம் உட்காருகிறார். நமக்குக் கியர் போடுவது இடக் கை. ஆகவே, இரு பக்கமும் பொருத்தக்கூடியதாகப் பார்த்து வாங்கி, இடப் பக்கமே மாட்டுங்கள். ஸ்டியரிங்கின் சுற்றளவையும் பந்தயக் காருக்கு உள்ளதுபோல் குறுக்கி வைக்காமல் 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று, இருக்கும்படி அமையுங்கள். அப்போதுதான் கொண்டை ஊசி வளைவில் கைமாற்றிச் சுற்றும் பழக்கம் வரும்.

நான்காவது ஹாண்ட் பிரேக். ராலிப் பந்தயக்காரர்கள் வளைவில் காரின் பின்புறத்தைச் சறுக்கவிடுவதற்கு இதை இழுப்பார்கள். நாம் அந்த வித்தைக்குப் போக வேண்டாம். ஏற்றத்தில் முன் வண்டி நின்றுவிட்டால், நாமும் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டுமே, அதற்குத்தான். கிளட்சை மெதுவாக விட்டு, எஞ்சின் இழுக்கத் தொடங்குவது தெரிந்ததும் ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். மூன்று பெடல் உள்ள ஸெட் இருந்தால் இதை நூறு முறை பழகலாம்.

இதை வீட்டிலேயே செய்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு நெம்புகோல், ஒரு ஸ்பிரிங், ஒரு காந்தம், காந்தத்தின் அசைவை உணரும் ‘ஹால் ஸென்ஸார்’, தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஆர்டுவினோ வகைப் பலகை ஒன்று. ஹார்ன், விளக்கு, வைப்பர் ஆகியவற்றுக்கு ஒரு டப்பாவில் ஸ்விட்சுகளை வரிசையாகப் பதித்தால் அதுவும் ஒரு சாதனம். இவையெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற சாமான்கள். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளை தரும் 5 வோல்ட் மின்சாரமே போதும். வீட்டு மின்சாரத்தோடு இவற்றை ஒருபோதும் இணைக்கக் கூடாது. பற்றவைப்புக் கோலைப் பிடிக்கும் சிறுவர் பக்கத்தில் பெரியவர் இருக்கட்டும். இன்னொன்று: தனித்தனிச் சாதனங்களைக் கம்ப்யூட்டர் ஏற்கும், டெலிவிஷனோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகள் பல ஏற்பதில்லை. வாங்குமுன் விசாரித்துவிடுங்கள்.

“இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்” என்று சகோதரிகள் ஒதுங்கவும் வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பந்தயக் களத்தில் ஆண்களோடு போட்டியிட்டுப் பேர் வாங்கவில்லையா? லைசென்ஸ் வாங்கியும் ஸ்டியரிங்கைத் தொடப் பயந்திருக்கும் எத்தனையோ பேருக்கு, யாரும் பின்னாலிருந்து ஹார்ன் அடிக்காத இந்தக் கூடத்துச் சாலை நல்ல துணை.

ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மலை இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறின கியரிலேயே இறங்கி, எஞ்சினையே வண்டியை அடக்கச் செய்வதுதான் உபாயம். அந்தக் கருகல் நாற்றத்தைக் கூடத்து யந்திரம் காட்டாது. அதில் பள்ளத்தில் விழுந்தால் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். காரவள்ளிக்கு மேலே எந்த வண்டியிலும் அந்தப் பொத்தான் கிடையாது. உங்கள் வீட்டுப் பிள்ளை நிஜச் சாவியைக் கையில் எடுக்கும் அன்று, இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.