கச்சான் காற்றும் மாவிலாறும்: மலைநாடு நமக்கு என்ன செய்கிறது?

ஜூன், ஜூலை மாதங்களில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கச்சான் வீசும். உடம்பு வறளும், பயிர் வாடும். அதே நாட்களில் ஹட்டனில் மழை விடாது. இரண்டும் ஒரே காற்றின் வேலைதான்.

தென்மேல் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. இலங்கையின் நடுவே தெற்குப் பக்கமாக எழும் மத்திய மலைநாடு அதை மறிக்கிறது. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல இதன் உச்சி. மலையேறும் காற்று குளிர்ந்து மழையாகிறது. மேற்குச் சரிவிலுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அதுதான் கச்சான்.

மலை மறித்த மழையில் ஒரு பகுதி ஆறாகக் கிழக்குக்குத் திரும்பி வருகிறது. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் ஊற்றெடுக்கும் மகாவலி, கண்டியைச் சுற்றிக் கிழக்கே இறங்கி, வடக்கே திரும்பி, 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீர் இதில் வடிகிறது.

மாவிலாறு அணைக்கட்டுக்கு நீர் தருவது இதன் கிளையான வெருகலாறு. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் அங்கு மதகை மூடினர்; அரசு படை நடவடிக்கையைத் தொடங்கியது. அதன்பின் மூதூரும் வாகரையும் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

அதனால், மலைநாட்டை வெறும் சுற்றுலாப் படமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரித்தானியர் காலத்தில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக அங்கே காடுகள் அழிக்கப்பட்டன. மரவேர்களின் பிடிப்பு இல்லாத செங்குத்துச் சரிவில் அடைமழை நீர் இறங்கும்போது மண் பாரமேறி நழுவுகிறது. தொழிலாளரின் லயன்கள் பலவும் அத்தகைய சரிவுகளில்தான் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு அந்த மக்களுக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை.

பின்னர் வந்த தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று கணக்கிடப்பட்டது. இன்னும் பலர் லயன்களிலேயே வாழ்கின்றனர். காணிக்காக ஆண்டுக்கணக்கில் போராடும் வடக்கு, கிழக்கு மக்களுக்கு இந்தக் கோரிக்கையை விளக்கத் தேவையில்லை. நம் வயலுக்கு வரும் ஆறு அவர்களின் சரிவுகளில் இருந்துதான் இறங்குகிறது. நம் காணிக் கோரிக்கையோடு அவர்களுடையதையும் சேர்த்துப் பேச இது ஒன்றே போதும்.