நிலக்கரி போனது, பாய்லர் இருக்கிறது

2024 செப்டம்பர் 30 அன்று, நாட்டிங்ஹாம் அருகே ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரியில் ஓடிய கடைசி மின்நிலையம் அது. 2012இல்கூட அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் 2008இல் இயற்றிய பருவநிலை மாற்றச் சட்டம் இருக்கிறது. நம் பழைய ஐந்தாண்டுத் திட்டங்களைப் போல, அங்கே ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் பட்ஜெட் போடுகிறார்கள். அந்த ஐந்தாண்டில் நாடு மொத்தமாக எவ்வளவு பசுமைக்குடில் வாயுவை வெளியிடலாம் என்பதே அதன் உச்சவரம்பு. ஆண்டுக்கணக்கு ஏன் கூடாது? ஒரு குளிர்காலம் கடுமையாக இருந்தால் போதும், வீடுகளைச் சூடாக்கும் எரிபொருளால் கணக்கு எகிறிவிடும். அதைவிட முக்கியம், கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்குவது. பூமியைச் சுடவைப்பது இந்த ஆண்டின் புகை மட்டுமல்ல, இதுவரை சேர்ந்த மொத்தமும்தான்.

முதல் பட்ஜெட் (2008-12) 301.8 கோடி டன். ஆறாவது பட்ஜெட் (2033-37) 96.5 கோடி டன். வரம்பைப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே சட்டமாக்கிவிட வேண்டும். ஆலை கட்டுபவருக்கும் மின்கம்பி இழுப்பவருக்கும் அவ்வளவு அவகாசம் தேவை.

முதல் மூன்று பட்ஜெட்டுகளும் வரம்புக்குள் முடிந்தன. 2023இல் நாட்டின் வெளியீடு 1990இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. இதைப் பாராட்டலாம், மயங்க வேண்டாம். 2008இன் பொருளாதார மந்தமும், பிறகு கொரோனா முடக்கமும் புகையைத் தாமே குறைத்துக் கொடுத்தன. வெளிநாட்டில் செய்து இறக்குமதியாகும் பொருளின் புகை இந்தக் கணக்கில் வருவதில்லை. சர்வதேச விமானங்களும் கப்பல்களும் ஆறாவது பட்ஜெட்டில்தான் உள்ளே வருகின்றன.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பலம் எண்களில் இல்லை, பதில் சொல்ல வைப்பதில் இருக்கிறது. பருவநிலை மாற்றக் குழு என்ற தன்னாட்சி அமைப்பு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் முன்னேற்ற அறிக்கை வைக்கிறது. அரசு அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. இலக்கை எட்டும் வழியைச் சரியாகக் காட்டவில்லை என்று, அரசின் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது லண்டன் உயர் நீதிமன்றம். 2022 ஜூலையில் ஒருமுறை, 2024 மே மாதத்தில் மறுமுறை!

ஆனால் சில மின்நிலையங்களை மூடுவது சுலபம். கோடிக்கணக்கான வீடுகளைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர்களை மாற்றுவது அப்படியல்ல. ஒவ்வொரு குடும்பமும் கைக்காசு போட வேண்டும். அவற்றுக்குப் பதிலாக 2028க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் மின்சார வெப்பப் பம்புகள் பொருத்துவது 2020இல் அரசு அறிவித்த இலக்கு. 2023இல் அங்கே விற்றவை சுமார் 60 ஆயிரம்.