உங்களுக்குத் தெரியுமா? அரபுச் சொல்லின் கடைசி ஒலியில்தான் எல்லாமே!

● அரபியில் யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பதைச் சொல்லின் கடைசி ஒலி காட்டிவிடும். ‘ழரப ஸைதுன் அம்ரன்’ (ஸைது அம்ரை அடித்தார்) என்றாலும், ‘ழரப அம்ரன் ஸைதுன்’ என்றாலும் அடித்தவர் ஸைதுதான். ‘உன்’ எழுவாய்க்கு, ‘அன்’ செயப்படுபொருளுக்கு. ‘கந்தனை முருகன் அடித்தான்’ என்று மாற்றிச் சொன்னாலும் நமக்கு ஐ உருபு கைகொடுக்கிறதல்லவா? தமிழ் மாணவர்கள் இங்கிருந்தே அரபு இலக்கணத்தைத் தொடங்கலாம்.

● வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேலை, நிலை, அடையாளம் மூன்றையும் சொல்வதே ‘இஃராப்’ பயிற்சி. ‘ழரப’ இறந்தகால வினை. அதன் ஈறு மாறாது. ‘ஸைதுன்’ ஃபாஇல், அதாவது எழுவாய், நிலை மர்ஃபூஃ, அடையாளம் ழம்மா (‘உ’ ஒலி). ‘அம்ரன்’ மஃப்ஊல், அதாவது செயப்படுபொருள், நிலை மன்ஸூப், அடையாளம் ஃபத்ஹா (‘அ’ ஒலி). இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

● ‘அம்ர்’ என்ற பெயரின் கடைசியில், உச்சரிக்காத ‘வாவ்’ ஒன்றை எழுதுவார்கள். உயிர்க்குறி இல்லாவிட்டால் ‘உமர்’ என்ற பெயரும் அதே எழுத்துகளில்தான் இருக்கும். குழப்பம் வராமலிருக்கவே இந்த ஏற்பாடு. ‘அம்ரன்’ என்று வரும்போது மட்டும் வாவ் மறைந்து அலிஃப் வரும். ‘உமர்’ அந்த ‘அன்’ ஈற்றை ஏற்காது. ஆகவே அங்கே குழப்பத்துக்கு இடமே இல்லை.

● ‘உக்துப்’ (எழுது) என்ற ஒற்றைச் சொல் முழு வாக்கியம். எழுவாய் எங்கே? ‘அன்த’ (நீ) உள்ளே மறைந்திருக்கிறது. இஃராப் சொல்பவர் அதையும் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும்.

● திருக்குர்ஆன் 35:28-இல், ‘அஞ்சுதல்’ வினையை அடுத்து, ‘அல்லாஹ்’ என்ற பெயர் முன்னும், ‘அறிஞர்கள்’ என்ற சொல் பின்னும் வருகின்றன. முன்னதில் ஃபத்ஹா, பின்னதில் ழம்மா. ஆகவே அஞ்சுவோர் அறிஞர்கள், அஞ்சப்படுபவன் இறைவன். இரண்டு குறிகளையும் இடம் மாற்றினால் பொருளே தலைகீழாகிவிடும்.

● தொடக்ககால அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை. 7-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ வேறு நிற மையில் புள்ளி வைத்தார் என்பது மரபு: ‘அ’வுக்கு எழுத்தின் மேலே, ‘இ’க்குக் கீழே, ‘உ’வுக்குப் பக்கத்தில்.

● ஒரு சொல்லின் நிலைக்காக அரசவையில் வாதம் நடந்ததாகவும் வரலாறு பேசுகிறது. பக்தாதில், அமைச்சர் யஹ்யா அல்பர்மகீ முன்னிலையில், இலக்கண அறிஞர்களான பஸ்ராவின் ஸீபவைஹியும் கூஃபாவின் கிஸாயீயும் மோதினார்கள். தேள் குளவியைவிடக் கடுமையாகக் கொட்டும் என்று நினைத்தேன், பார்த்தால் இரண்டும் ஒன்றே என்ற வாக்கியம்தான் சிக்கல். அதன் முடிவில் ‘ஹுவ ஹிய’ (‘ஹிய’ மர்ஃபூஃ வடிவம்) மட்டுமே சரி என்றார் ஸீபவைஹி. ‘ஹுவ இய்யாஹா’வும் (‘இய்யாஹா’ மன்ஸூப் வடிவம்) செல்லும் என்றார் கிஸாயீ. சாட்சிக்கு வந்த பாலைவன அரபிகள் கிஸாயீ பக்கம் சாய, மனமுடைந்த ஸீபவைஹி ஊர் திரும்பிச் சில காலத்தில் மறைந்தார். பயனிலை மர்ஃபூஃ ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதால் அவர் சொன்னதே நியாயம். பாரசீகத்தில் பிறந்த அவரது ‘அல்கிதாப்’தான் இன்றும் அரபு இலக்கணத்தின் மூலநூல்.

● இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் சொற்தொகுப்பு 77,430 சொற்களுக்கும் இலக்கணக் குறிப்பு தருகிறது.

● ‘மக்காவில்’ என்பதற்கு ‘ஃபீ மக்கதி’ என்று சொன்னால் பிழை. ‘ஃபீ மக்கத’ என்பதே சரி. மக்கா, அஹ்மத், இப்ராஹீம், ஃபாத்திமா போன்ற பெயர்கள் கஸ்ரா (‘இ’ ஒலி) வர வேண்டிய இடத்திலும் ஃபத்ஹாவையே ஏற்கும்.